மாத்தளையில் ஒரு சட்டித் தயிர்



பத்திரிகையில் வந்த ஒரு கேக் குறிப்பை ஆசையோடு கத்தரித்து வைத்திருப்பீர்கள். பெருநாள் நெருங்கும்போது அதை எடுத்துப் பார்த்தால் ‘பட்டர்மில்க் 1 கப்’ என்று இருக்கும். அடுத்த வரியில் ‘சவர் கிரீம்’ இருக்கும். மேலே பூசுவதற்குக் ‘கிரீம் சீஸ்’ வேண்டுமென்று எழுதியிருக்கும். நம் தெருமுனைக் கடையில் இவை கிடைப்பதில்லை. பெரிய கடைகளில் கிடைத்தாலும் விலையைக் கேட்டதும் கை பின்வாங்குகிறது. பெரும்பாலும் கத்தரித்த தாள் மீண்டும் அலமாரிக்குள் போய்விடுகிறது, இல்லையா?

என் வீட்டில் அந்தத் தாள் அலமாரிக்குள் போகவில்லை. துணிந்து செய்து பார்த்து இரண்டு முறை தோற்றேன். முதல் முறை பட்டர்மில்க்குக்குப் பதிலாகச் சாதாரணப் பாலை ஊற்றினேன். கேக் உப்பவில்லை, மஞ்சள் பாரித்து, வாயில் வைத்தால் சோப்புக் கரைசல் போல் நாக்கைப் பிடித்தது. இரண்டாம் முறை, பட்டர்மில்க் என்றால் மோர்தானே என்று வீட்டு மோரை ஊற்றினேன். மாவு நீர்த்துப்போய், வெந்த கேக் நடுவில் குழிந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இலங்கையின் மாத்தளையில் இருக்கும் ஒரு சகோதரி. அந்த ஊரையும், அவருடைய அடுப்படியையும் உங்களுக்குக் காட்டவே இதை எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து வடக்கே

மாத்தளை மாவட்டம் என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கு சிகிரியாக் குன்றும் தம்புள்ளைக் குகைக்கோயிலும்தான் நினைவுக்கு வரும். இரண்டுமே உலக மரபுச் சின்னங்கள். சிகிரியா 1982-லும் தம்புள்ளை 1991-லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் கண்டியிலிருந்து பேருந்தில் போகிற நம்மைப் போன்ற பெண்களின் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. அக்குறணையைத் தாண்டும்போது வரிசையாக நம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல் மினாராக்களும் தெரிகின்றன. அதன் பிறகு மலையும் மரமுமாகப் பாதை வளைந்து வளைந்து மாத்தளை நகரை அடைகிறது. ஆங்கிலேயர் 1880-ல் போட்ட ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே போக வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ-9 சாலைதான்.

மாத்தளையைச் சுற்றிச் சாலையின் இரு பக்கமும் வாசனைத் தோட்டங்கள். மிளகுக் கொடி, கறுவாப்பட்டை, ஏலம், கிராம்பு, சாதிக்காய், கொக்கோ, வனிலா என்று நம் அஞ்சறைப் பெட்டி முழுவதும் உயிரோடு நிற்பதைப் பார்க்கலாம். கிழக்கே ரத்தோட்டைப் பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர் எழும்பி நிற்கிறது. அங்கே மழை அதிகம். கித்துள் மரங்களும் உண்டு. நாம் கூந்தல்பனை என்கிறோமே, அதுதான். அதன் பூப்பாளையிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சித்தான் கித்துள் பாணியும் கருப்பட்டியும் செய்கிறார்கள்.

வடக்கே நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று போகப்போக மலை தாழ்கிறது, காற்று சூடாகிறது. குளங்களும் வயல்களும் வருகின்றன. தம்புள்ளைக்கு அருகே கண்டலம் குளம் கடல் போல் விரிந்து கிடக்கிறது. இந்த உலர் நிலத்தில்தான் எருமைகள் சேற்றில் கிடந்து புல் மேய்கின்றன. ஆக, ஒரே மாவட்டத்தின் மேட்டில் கித்துள் பாணி, பள்ளத்தில் எருமைத் தயிர். இரண்டும் ஒரே கிண்ணத்தில் சேர்வதுதான் இலங்கை முழுவதும் விருந்தின் முடிவில் வைக்கும் இனிப்பு. சிங்களத்தில் அந்தத் தயிருக்கு ‘மீகிரி’ என்று பெயர்.

தாத்தாவின் அடுப்படி

நான் தங்கியது மாத்தளை நகரில் என் தோழியின் உறவினர் வீட்டில். “எங்கட தாத்தா கேக் நல்லாச் செய்வா” என்று அந்த வீட்டுப் பெண் சொன்னபோது திகைத்துப்போனேன். வெள்ளைத் தாடியோடு ஒரு முதியவர் மாவு பிசைவதாக மனதில் ஒரு படம் ஓடியது! அங்கே நம் மக்கள் மூத்த சகோதரியைத்தான் ‘தாத்தா’ என்று அழைக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. நம் ஊர்களில் லாத்தா, ராத்தா என்கிறோமே, அதைப் போல.

அந்தத் தாத்தா கணவரை இழந்தவர். வீட்டில் கேக் செய்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். ரிப்பன் கேக்கும் பட்டர் கேக்கும் அவருக்குப் பழக்கம். ஆனால் இப்போது இளம்பிள்ளைகள் கேட்பது ‘ரெட் வெல்வெட்’ என்னும் சிவப்புக் கேக். அதற்கு மாவில் பட்டர்மில்க்கும் மேற்பூச்சுக்குக் கிரீம் சீஸும் வேண்டும். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு.

2022-ல் இலங்கை பட்ட பாட்டை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. இலங்கை வீடுகளில் தேநீருக்கே பால்மாதான்; நாம் பால்பவுடர் என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி நியூஸிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வருவது. அந்த ஆண்டு பால்மாவும் கடைகளில் இல்லாமல் போனது. கிடைத்தபோது விலை எட்டவில்லை. கிரீம் சீஸ் பேச்சுக்கே இடமில்லை.

“கேக் ஓடர் ஒண்டு கைல இருந்திச்சு, தங்கச்சி. முன்பணத்தயும் புள்ளட ஸ்கூலுக்குக் கட்டிட்டன். சாமான் இல்ல. அண்டைக்கு ராவு நித்திரயே இல்ல” என்றார் தாத்தா.

மறுநாள் காலை, தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த உறவினர் ஒருவர் கையில் ஒரு தயிர்ச் சட்டி இருந்ததாம். கப்பல் வராவிட்டாலும் எருமை பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு யோசனை தோன்றியிருக்கிறது.

பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்

என் இரண்டு தோல்விகளையும் கேட்டுத் தாத்தா சிரித்துவிட்டார். “பேரப் பாத்து மாத்தப் படாது. அந்தச் சாமான் என்ன வேல செய்யிது எண்டு பாக்கோணும்” என்றார். புளிப்பு, கொழுப்பு, நீர் - இந்த மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

கேக் மாவில் பட்டர்மில்க் செய்யும் முதல் வேலை புளிப்பு. குறிப்பில் சமையல் சோடா இருந்தால், அதோடு சேர்ந்து நுரைத்துக் காற்றை உண்டாக்கப் புளிப்பு ஒன்று வேண்டும். அந்தக் காற்றுதான் கேக்கை உப்பச் செய்கிறது. நான் வெறும் பாலை ஊற்றியபோது சோடா சேர்வதற்குப் புளிப்பு இல்லை. அது மாவிலேயே தங்கிவிட்டது. சோப்புச் சுவைக்கும் மஞ்சள் நிறத்துக்கும் காரணம் அதுதான்.

இரண்டாவது, பதம். நாம் மோர் என்பது தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தது. மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் பட்டர்மில்க், பாலை உறையவைத்துக் கெட்டியாகச் செய்த புளித்த பால். அது ஊற்றினால் கூழ் போல் விழும். வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு ‘லபன்’ தெரியும் அல்லவா? ஏறத்தாழ அந்தப் பதம். பெயர் ஒன்றாக இருப்பதால் நீர்மோரை ஊற்றியது என் பிழை.

எனவே, 1 கப் பட்டர்மில்க்குக்குப் பதிலாகத் தாத்தா செய்வது இது. கெட்டியான எருமைத் தயிர் 2 பங்கு, தண்ணீர் அல்லது பால் 1 பங்கு எடுத்துக் கட்டியில்லாமல் அடித்து 1 கப் அளவு வைத்துக்கொள்கிறார். நம் வீட்டுப் பசும்பால் தயிரானால் முக்கால் கப் தயிருக்குக் கால் கப் பால் சரியாக இருக்கும். தயிர் இல்லாத நாளில் ஒரு கப்பில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மீதியைப் பாலால் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்தால் லேசாகத் திரிந்து வரும். அங்கே எலுமிச்சையைத் ‘தேசிக்காய்’ என்கிறார்கள். வினிகரும் இதற்கு உதவும். இதில் புளிப்பு உண்டு, தயிரின் கொழுமை இல்லை. ஆனாலும் கேக் உப்பும்.

சோடாவின் அளவையும் மனதில் வையுங்கள். 1 கப் பட்டர்மில்க்குக்கு அரைத் தேக்கரண்டி சோடா போதும். புளிப்பான எதுவுமே கையில் இல்லை, வெறும் பால்தான் இருக்கிறது என்றால் அந்த அரைத் தேக்கரண்டி சோடாவை விட்டுவிட்டு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். பேக்கிங் பவுடருக்குள்ளேயே புளிப்புச் சரக்கு கலந்திருக்கிறது. இன்னொன்று: தயிரும் சோடாவும் சேர்ந்தவுடன் நுரை கிளம்பிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே சூடான அவனுக்குள் வைத்துவிடுங்கள்.

மண் சட்டியின் உதவி

மறுநாள் தம்புள்ளைப் பாதையில் போனபோது வழியோரக் கடைகளில் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாயில் தாள் மூடி நூலால் கட்டிய, மெருகு பூசாத மண் சட்டிகள். எருமைப் பாலை நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தைய தயிரில் சிறிது உறை கலந்து சட்டிகளில் ஊற்றி விடுகிறார்கள். இரவோடு உறைந்துவிடுகிறது. பசும்பாலைவிட எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அத்துடன் மண் சட்டி தயிரின் நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாமல் நிற்கிறது. கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சவர் கிரீமுக்குப் பதில் இந்தத் தயிரை அப்படியே போடலாம். சவர் கிரீமில் கொழுப்பு இன்னும் கூடுதல் என்பதால், கேக்குக்கானால் 1 கப் தயிரோடு 1 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் சேர்க்கிறார் தாத்தா.

கிரீம் சீஸுக்கு இன்னும் ஒரு படி. தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டிக்குள் ஒரு இரவு தொங்கவிட வேண்டும். வெளியே வைத்தால் வெயில் ஊர்களில் மேலும் புளித்துவிடும். பசும்பால் தயிர் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். சட்டித் தயிர் அவ்வளவு சுருங்காது. இது ஒன்றும் புதிதல்ல. அரபு வீடுகளில் காலை உணவுக்கு ரொட்டியோடு வைக்கும் ‘லப்னா’ இதுவேதான். குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய எத்தனையோ இலங்கைச் சகோதரிகளின் கைக்கு இது தெரிந்த வேலை. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பரோட்டா மாவு பிசைய அது மிக நல்லது.

கட்டிய தயிரை வெண்ணெயோடும் பொடித்த சர்க்கரையோடும் குழைத்தால் மேற்பூச்சு தயார். சர்க்கரை சேர்ந்ததும் சற்று இளகும். எனவே பூசியவுடன் குளிரில் வைக்க வேண்டும். அவனில் வேகவைக்கும் சீஸ் கேக்குக்கானால், நீர் விடாமல் இருக்க 1 மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக் கோப்பையின் எழுத்தைப் படியுங்கள்

“தயிருக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? கடையில் யோகட் கோப்பை இருக்கிறதே?” என்று நான் கேட்டேன். தாத்தா ஒரு கோப்பையை எடுத்து அதன் மேலிருந்த சிறிய எழுத்தைக் காட்டினார். பால், சர்க்கரை, அதற்கடுத்து ஜெலட்டின்.

சகோதரிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். ஜெலட்டின் என்பது பிராணிகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. எந்தப் பிராணி, எப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியாமல் நாம் அதை உண்ண முடியாது. இலங்கையில் ஹலால் முத்திரை வழங்கிவந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, 2013-ல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. 2014 முதல் அதற்கென அமைந்த ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் என்ற தனி அமைப்பு சான்று வழங்குகிறது. எனவே அங்கே முத்திரையைப் பார்த்து வாங்கலாம். நம் நாட்டிலும் கோப்பைத் தயிர், சீஸ், புட்டிங் எதுவாயினும் பின்பக்க எழுத்தைப் படித்து, ஐயமிருந்தால் விட்டுவிடுவதே பேணுதல். சீஸ் உறையவைக்கப் பயன்படும் ‘ரென்னட்’ என்ற பொருளுக்கும் இது பொருந்தும்.

சமையல் கணக்கிலும் அந்தக் கோப்பை உதவாது. அதில் சர்க்கரை இருப்பதால் குழம்பு இனித்துவிடும். ஜெலட்டின் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் துணியில் கட்டினாலும் சரியாக வடியாது, சூட்டில் இளகிவிடும். மார்க்கம் எச்சரிக்கச் சொன்ன அதே வரியை அடுப்படியும் எச்சரிக்கிறது, பாருங்கள்.

புரியாணிக்கும் இதே கணக்கு

இறைச்சியில் தயிர் தடவுவதும் புளிப்புக்காகத்தான். அது இறைச்சியைப் பதப்படுத்துகிறது. அத்துடன் கொழுப்பு மசாலாவைப் பிடித்துக்கொள்கிறது. தயிர் இல்லாத நாளில் 1 கிலோ இறைச்சிக்கு முக்கால் கப் கெட்டித் தேங்காய்ப்பாலும் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும் என்கிறார் தாத்தா. புளிப்பு கூடட்டுமென்று சாற்றை அதிகம் விட்டு நெடுநேரம் ஊறவைத்தால் இறைச்சி வறண்டுபோகும். கொதிக்கும் குழம்பில் தயிர் சேர்ப்பதானால் ஒரு தேக்கரண்டி கடலைமாவு கலந்து அடித்து, தீயைக் குறைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள், திரியாது.

பால் செரிக்காதவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் தயிரும் மோரும் வெண்ணெயும் ஆகாது. அப்போது தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும்தான் வழி. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

சொல்லிவிட்டுச் செய்தது

அந்த 2022-ஆம் ஆண்டு ஓடருக்கு வருவோம். சட்டித் தயிரை வைத்துச் செய்து பார்த்ததில் கேக் நன்றாக வந்துவிட்டது. மேற்பூச்சும் வெள்ளையாக, மினுமினுப்பாக இருந்தது. பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. கிரீம் சீஸ் விலையை வாங்கிக்கொண்டு பேசாமல் கொடுத்திருக்கலாம்.

ஆனால் தாத்தா கேக்கைக் கொடுப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். “கிரீம் சீஸ் கெடக்கல்ல. எருமத் தயிர்ல செஞ்சிரிக்கன். கொஞ்சம் புளிப்புத் தெரியும். வெலயக் கொறச்சித் தாங்க. வேணாமெண்டா முன்பணத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தாரன்” என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேறொரு வீட்டில் அப்படிச் சொன்னபோது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கேக்கைப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சாப்பிட்டார்கள். அன்றைய மாவும் முட்டையும் நட்டம்.

“கவலையாக இல்லையா?” என்று கேட்டேன்.

“கவல இல்லாமலா? அழுதன். ஆனா மறச்சி வித்த காசில புள்ளக்கிச் சோறு போடச் சொல்றீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பேச்சு எழவில்லை.

பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் எவ்வளவு கண்டித்திருக்கிறது என்பதை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். கேட்பது எளிது, கையில் காசில்லாத நாளில் கேக்கைச் சுமந்துகொண்டு போய் உள்ளதைச் சொல்வது எளிதல்ல. வீட்டிலிருந்தபடியே கேக்கும் பலகாரமும் செய்து விற்கும் சகோதரிகள் இப்போது நம்மிடையே பெருகிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்காகவே இதை எழுதினேன். ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடுவதில் குற்றமில்லை, அதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் உயிர்கூட அந்த ஒரு சொல்லில் இருக்கலாம்.

தாத்தாவின் வீட்டில் இன்று சட்டித் தயிர்க் கேக்கை அதே பெயரில் கேட்டு வாங்குகிறார்கள். நான் புறப்பட்ட அன்று, அஸருக்குப் பிறகு ஒரு கிண்ணத்தில் தயிரை வெட்டி வைத்து, மேலே கித்துள் பாணியை ஊற்றிக் கொடுத்தார். எருமையின் கொழுமையும் மலையின் இனிப்பும் ஒன்றாக நாவில் இறங்கின. பாலை இறைவன் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துக்காட்டுவது அப்போது நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் அந்தச் சட்டித் தயிர் கிடைக்காவிட்டால் என்ன? புதிய மண் சட்டி ஒன்று வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து, எருமைப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றிப் பாருங்கள். பிறகு அலமாரியிலிருக்கும் அந்தத் தாளை எடுங்கள். இன்ஷா அல்லாஹ், வருகிற பெருநாளைக்கு உங்கள் வீட்டுக் கேக் நன்றாக உப்பி வரும். விருந்தாளி “இதில் என்ன போட்டீர்கள்?” என்று கேட்டால், தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.